வாசல் இல்லாமல் பிறக்கும் குகை

மட்டக்களப்பின் கல்லடிக் கரையில் கரைவலை இழுப்பவர்கள் பூவல் என்ற மணல் ஊற்றுக்குழி தோண்டுவதைச் சிறு வயதில் நின்று பார்த்திருக்கிறேன். அலை எட்டாத இடமாகப் பார்த்து, கையாலும் சிரட்டையாலும் மணலை வாரிப் போடுவார்கள். இடுப்பளவு ஆழத்தில் மணலின் நிறம் மாறும். சற்று நேரத்தில் குழியின் சுவரிலிருந்து தண்ணீர் கசிந்து அடியில் சேரும். முதல் சிரட்டை கலங்கல், இரண்டாவதும் அப்படித்தான், மூன்றாவது தெளிவு. வாயில் வைத்தால் உப்பில்லை.

மணல் உப்பை வடித்துவிடுகிறது என்று எனக்குச் சொல்லித் தந்தார்கள். மணல் தூசியை வடிக்கும். கரைந்துபோன உப்பை அதனால் வடிக்க முடியாது. அந்தத் தண்ணீர் கடலைப் பார்த்ததே இல்லை. அது போன மாரியில் பெய்த மழை.

கல்லடி இருக்கும் எழுவான்கரை என்பது ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் இருக்க, நடுவில் நீளும் மணற்பட்டை. மழைநீர் அதற்குள் இறங்கும்போது அடியில் உப்புநீர் ஏற்கெனவே இருக்கிறது. ஆயிரம் லீற்றர் நன்னீரின் எடை 1000 கிலோ. அதே அளவு கடல்நீர் ஏறத்தாழ 1025 கிலோ. எடை குறைந்தது மேலே மிதக்கும், நடுவில் தடித்து ஓரங்களில் மெலிந்து, ஒரு வில்லையைப் போல. இந்த இரண்டு எண்களிலிருந்தே ஒரு கணக்கு பிறக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே 40 அடி இறங்கி நிற்கும். ஒல்லாந்தரான பதோன் கெய்பென் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் ஜெர்மானியரான ஹெர்ட்ஸ்பெர்க் 1901இலும் தனித்தனியே கண்டது இது. (அடியில் பாறை குறுக்கிட்டால் கணக்கும் அங்கேயே நின்றுவிடும்.) திருப்பிப் பார்த்தால் அடிவயிறு கலங்கும்: மோட்டார் வைத்து ஓரடி இறைத்தால், கீழிருந்து உப்புநீர் 40 அடி மேலேறப் பார்க்கும். 2004 சுனாமிக்குப் பிறகு கிணறுகளை இறைத்து இறைத்துச் சுத்தம் செய்தவர்களுக்கு, அளவுக்கு மிஞ்சி இறைக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது இதனால்தான்.

இதே வில்லை மணலில் இல்லாமல் சுண்ணாம்புக்கல்லில் இருந்தால், அது கிணற்றோடு நிற்பதில்லை. குகை தோண்டுகிறது.

எங்கள் பக்கத்தில் கிறிஸ்மஸ் தீவு என்றால் முகாம்தான் நினைவுக்கு வரும். ஆஸ்திரேலியாவுக்குப் படகேறிப் போன பிள்ளைகளைத் தடுத்து வைத்த இடம். வரைபடத்தில் அது ஜாவாவுக்குத் தெற்கே சுமார் 350 கிலோமீற்றர் தள்ளி இந்து சமுத்திரத்தில் தனித்து நிற்கும் 135 சதுர கிலோமீற்றர் நிலம். அடியில் அணைந்துபோன எரிமலை, அதன் மேல் பவளமும் சிப்பியும் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல். கரை என்று கால்வைக்கக் கிடைப்பது குறைவு; பெரும்பாலும் செங்குத்துப் பாறை. அந்தப் பாறைகளில் குகைகள் நிறைய. அலை மோதிக் குடைந்தவை சில உண்டு. எனக்கு வியப்பூட்டுபவை அலையின் துணையே இல்லாமல் உண்டானவை.

மழை மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் காபனீரொட்சைட்டை வாங்கிக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக்கொண்டே போய், இனி ஒரு துளியும் கரைக்க முடியாது என்ற நிலைக்கு வந்துவிடுகிறது. வெதுவெதுப்பான கடலின் மேற்பரப்பு நீரும் அதே போல, சுண்ணாம்பில் வயிறு நிறைந்தது. ஆனால் இந்த இரண்டையும் கலந்து பாருங்கள், மறுபடி பசி வந்துவிடும். நீர் எவ்வளவு சுண்ணாம்பைத் தாங்கும் என்பது அதிலுள்ள காபனீரொட்சைட்டோடும் உப்போடும் நேர்கோட்டில் ஏறுவதில்லை, வளைந்து ஏறுகிறது. அதனால் கலவையிடம் இருக்கும் சுண்ணாம்பு இரண்டின் சராசரி. அது தாங்கக்கூடியதோ சராசரியைவிட அதிகம். அந்த இடைவெளிதான் பசி. சுவிஸ் அறிஞர் ஆல்பிரட் போக்லி 1964இல் குகைகளுக்காக இதை விளக்கினார்.

கலக்கும் இடத்தைக் கண்ணாலும் பார்க்கலாம். தேசிக்காய்ச் சாற்றில் சீனிப்பாகை ஊற்றினால் கண்ணாடிக் குவளைக்குள் நெளி நெளியாக ஒரு கலக்கம் தெரியுமே, நீர் நிறைந்த குகைக்குள் இறங்கும் சுழியோடிகள் நன்னீரும் உப்புநீரும் தொடும் மட்டத்தில் அதைத்தான் பார்க்கிறார்கள். அதற்கு மேலும் தெளிவு, கீழும் தெளிவு. மேலிருந்து வரும் இலைதழைத் துணுக்குகள் உப்புநீரின் கனத்தால் அந்த மட்டத்திலேயே தங்கி அழுகி, இன்னும் அமிலம் சேர்க்கின்றன.

இந்தப் பசி மிகக் கடுமையாக இருப்பது வில்லையின் மெலிந்த ஓரத்தில், அதாவது கடற்கரைக்குச் சற்று உள்ளே, பாறைக்குள். அங்கே வழவழப்பான சுவர்களோடு, உருண்டு திரண்ட அறைகள் பிறக்கின்றன. அவற்றுக்கு வாசலே கிடையாது. பிறகு கடல் பாறையை அரித்து உள்ளே வந்து சேரும்போதுதான் ஒரு துளை திறக்கிறது. பஹாமாஸ் தீவுகளைப் பார்த்து மைல்ரோய், கேரு என்ற இருவர் 1990இல் இதை எழுதினார்கள். அதற்கு முன்பு, ஆறே இல்லாத சின்னத் தீவில் இவ்வளவு பெரிய அறை எப்படி என்பதற்குச் சரியான பதில் இருக்கவில்லை.

எங்கள் கிழக்கிலங்கையின் குடும்பிமலையிலும் உகந்தையிலும் இப்படிப்பட்ட குகையைத் தேட வேண்டாம். அவை கடினமான உருமாறிய பாறை. அங்கே இருப்பவை பாளம் பாளமாக உரிந்தும் சரிந்தும் உண்டான ஒதுக்கிடங்கள். எழுவான்கரை மணலோ பெரும்பாலும் குவார்ட்ஸ், இந்தப் பசிக்கு அது உணவாகாது. இலங்கைக்குள் இந்தக் கதைக்கு நெருங்கி வருவது யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்தான்; அங்குள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு.

இந்தக் குகைகள் கடல்மட்டத்திலேயே பிறப்பதால், அவை இருக்கும் உயரம் பழைய கடலின் உயரத்தைச் சொல்லிவிடும். பஹாமாஸ் ஏறவும் இல்லை, பெரிதாக இறங்கவும் இல்லை. அங்கே சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைவிட ஏறத்தாழ 6 மீற்றர் உயர்ந்திருந்தபோது பிறந்த அறைகள் இப்போது உலர்ந்து, தலைக்கு மேலே நிற்கின்றன. கிறிஸ்மஸ் தீவு அப்படிச் சும்மா இருக்கவில்லை. அதைச் சுமக்கும் புவித்தட்டு ஜாவாவின் ஆழ்கடல் அகழிக்குள் வளைந்து இறங்குகிறது. இறங்குமுன் சற்று மேல்நோக்கிப் புடைக்கிறது. தீவு அந்தப் புடைப்பில் ஏறிக்கொண்டிருக்கிறது. கரையிலிருந்து காட்டுக்குள் நடந்தால் படிப்படியாக மேடுகள் எழும், ஒவ்வொன்றும் ஒரு பழைய கடற்கரை. அந்த மேடுகளிலும் குகைகள் இருக்கின்றன. கடலோசை கேட்காத உயரத்தில், கடல் தொட்ட மட்டத்தில் பிறந்த குகை.