641 பல் சக்கரமும் ஒரு பத்து இலக்க எண்ணும்

"4294967297-ஐ 641 மீதியில்லாமல் வகுக்கும் என்கிறார்கள். வகுத்துப் பார்க்காமலே இதைக் காட்ட முடியுமா?" குன்னூரிலிருந்து ஒரு பதினொன்றாம் வகுப்பு மாணவி கேட்டிருக்கிறார். முடியும்.

அந்த எண் 2³² + 1. அடுக்கில் 32-க்குப் பதில் 1, 2, 4, 8, 16 என்று போட்டால் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்துமே பகா எண்கள். இந்த வரிசை முழுவதும் அப்படித்தான் என்று 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர் என்ற கணித அறிஞர் அந்த நம்பிக்கையை உடைத்தார்: 2³² + 1 = 641 × 6700417.

உங்கள் மலை ரயிலையே எடுத்துக்கொள்வோம். கல்லாறு முதல் குன்னூர் வரை, நடுவில் ஓடும் பல் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டுதான் இன்ஜினின் பல்சக்கரம் ஏறுகிறது. அதற்கு 641 பற்கள் என்று வைத்து, ஒரு பல்லில் சுண்ணாம்புப் பொட்டு வையுங்கள். எத்தனை பல் ஏறினாலும், 641-ஆல் வகுத்த மீதிதான் பொட்டு நிற்கும் இடம். 641 பல் ஏறினால் பழைய இடம். 640 ஏறினால் ஒரு பல் குறை, அதாவது −1.

இனிதான் அழகு. 640 = 5 × 2⁷. எனவே 5 × 2⁷-இன் இடம் −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் கழித்தல் குறி மறைந்து, 5⁴ × 2²⁸-இன் இடம் +1. அதே 641 இன்னொரு விதமாகவும் பிரிகிறது: 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. ஆகவே 5⁴ இருக்குமிடத்தில் −2⁴ போடலாம். போட்டதும் −2³²-இன் இடம் +1. 2³²-இன் இடம் −1. ஒன்று கூட்டுங்கள், சுழி! அதாவது மீதியே இல்லை. ஒரே எண் 5-ஐயும் 2-ஐயும் வைத்து இரண்டு விதமாகப் பிரிந்து, இரண்டும் இப்படிக் கைகோப்பதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

வண்டி நம்பருக்குக் கூட்டுத்தொகை பார்ப்பவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 59, பிறகு 14, பிறகு 5. அது 9-ஆல் வகுத்த மீதி, அவ்வளவுதான். ஒருவருடைய தொழிலையும் கல்யாணத்தையும் பற்றி அந்த மீதிக்கு எதுவும் தெரியாது. அதற்குக் கொட்டிக் கொடுக்கும் பணத்தில் பிள்ளைகளுக்கு நல்ல கணக்குப் புத்தகம் வாங்கலாம்.

எண் கோட்பாட்டு ஆய்வுக்கு எதற்கு அரசுப் பணம் என்று கேட்பவர்கள், மேலே வந்த 65537-ஐ நினைத்துப் பார்க்கட்டும். இணையத்தில் ரகசியம் காக்கும் ஆர்.எஸ்.ஏ. முறையில் மிகப் பரவலாகப் பயன்படும் அடுக்கு அதுதான். ஃபெர்மா காலத்தில் இதை யார் கண்டார்கள்? கருவியே கேட்காத இந்தத் துறைக்கு உதவித்தொகையைத் தாமதிக்காமல் கொடுத்தாலே போதும்.

கேட்ட மாணவிக்கு அடுத்த எண்ணையும் தருகிறேன்: 2⁶⁴ + 1. இதை 274177 வகுக்கும். 274177 பற்கள் உள்ள சக்கரத்தில் 2³²-இன் இடம் −15409. அதை வர்க்கப்படுத்தி 1 கூட்டினால் 237437282. இது 274177-இன் 866 மடங்கா என்று பேனாவாலேயே பெருக்கிப் பார்த்துவிடலாம்.