‘போட்டோ வேண்டாம்’ என்று அந்தப் பையன் ஏன் சொல்லவில்லை

15 வருடங்களாக நாடகப் பட்டறை நடத்துகிறேன். பெரும்பாலும் குழந்தைகள் இல்லங்களில், அரசுப் பள்ளிகளில், சில சமயம் கிராமத்துப் பெண்களோடு. இந்த வேலையில் நான் செய்த தவறுகளில் இன்றைக்கும் மனதைவிட்டுப் போகாதது ஒரு போட்டோ.

12 வயதுப் பையன். ஐந்தாவது நாள், அம்மா வேஷம் கட்டினான். துப்பட்டாவை முக்காடு போட்டுக்கொண்டு, மடியில் இல்லாத குழந்தையை இருப்பதுபோல் வைத்துத் தட்டித் தூங்கவைத்தான், ஹாலில் சத்தமே இல்லை. நான் எடுத்தேன். நல்ல வெளிச்சம், நல்ல முகம். எடுக்கும் முன் “எடுக்கட்டுமாடா?” என்று கேட்டேன், தலையாட்டினான். அந்தப் படம் எங்களுக்கு நிதி தந்த நிறுவனத்தின் அறிக்கைக்குப் போனது, அங்கிருந்து அவர்களுடைய ஃபேஸ்புக் பக்கத்துக்குப் போனது, “ஆதரவற்ற குழந்தைகளுக்கு நாடகப் பயிற்சி” என்ற வரியோடு.

அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு அவன் இல்லத்தில் இருப்பது தெரியாது. மாமா வீட்டில் தங்கிப் படிப்பதாகச் சொல்லிவைத்திருந்தான். யாரோ ஒருவனுடைய அண்ணன் போனில் அந்தப் படம் வந்து, மறுநாள் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒரு வாரம் பள்ளிக்கே போகவில்லை. நான் போய்ப் பார்த்து, அன்றைக்கே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். “வார்டன் சார் பக்கத்துல நின்னாரு. நீங்களும் சிரிச்சுக்கிட்டே கேட்டீங்கக்கா. எப்படிச் சொல்றது?” என்றான்.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பையனுக்குச் சோறு போடுகிறவர் பக்கத்தில் நிற்கிறார். ஐந்து நாளாகப் பாட்டும் விளையாட்டுமாக அவன் மனதைத் தொட்ட அக்கா கேமராவோடு நிற்கிறாள். சுற்றிலும் கூட்டாளிகள். இத்தனைக்கும் நடுவில் ஒரு பிள்ளை தலையாட்டினால் அதைச் சம்மதம் என்று எப்படி எடுத்துக்கொள்வது? நாம் அவர்களோடு எவ்வளவு நெருக்கமாகிறோமோ அவ்வளவுக்கு அவர்களால் நம்மிடம் மறுக்க முடிவதில்லை. பத்திரிகைக்காரர் கேட்டால்கூட முறைத்துவிட்டுப் போவார்கள், நம்மிடம் அது முடியாது.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு, பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் தெரியவைக்கும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குழந்தையின் நலனுக்காகத்தான் என்றால் விசாரிக்கும் குழந்தைகள் நலக் குழுவோ இளைஞர் நீதி வாரியமோ காரணத்தை எழுத்தில் பதிந்து அனுமதிக்கலாம். வார்டன் நாற்பது பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே கையெழுத்துப் போட்டுத் தருகிறாரே, அது இதில் எங்கேயும் வராது. எனக்கு இது தெரியவே பல வருடம் ஆனது, தெரியாமலே நூற்றுக்கணக்கில் எடுத்துத் தள்ளியிருக்கிறேன்.

வீட்டில் இருந்து வரும் பிள்ளைகள் என்றால் பெற்றோரிடம் படிவம் வாங்குகிறோம். அந்தப் படிவத்தை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். பாதி இடங்களில் ஆங்கிலத்தில் இருக்கும். செங்கல் சூளை வேலைக்குப் போகிற அம்மா அதில் கைநாட்டு வைத்துவிட்டுப் போவார், வைக்காவிட்டால் பிள்ளையை முகாமில் சேர்க்கமாட்டார்களோ என்ற பயத்தில். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. சம்மதம் கட்டாயமில்லாமல், எதற்கு என்று தெரிந்து தரப்பட வேண்டும், கொடுப்பது எவ்வளவு சுலபமோ திரும்ப வாங்குவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும், 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. எங்கள் படிவத்தை இப்போது தமிழில் ஒரு பக்கத்துக்குள் வைத்திருக்கிறோம், வாசித்துக் காட்டுகிறோம். அறிக்கைக்கு, செய்தித்தாளுக்கு, சமூக ஊடகத்துக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆமாம், இல்லை. எல்லாவற்றுக்கும் இல்லை என்றாலும் பிள்ளைக்கு இடம் உண்டு என்பதை முதல் வரியிலேயே எழுதியிருக்கிறோம். அப்புறம், பெற்றோர் ஆமாம் என்றாலும் பிள்ளை வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

ஒரு கட்டத்தில், படம் வேண்டாம் என்பவர்கள் கையில் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொள்ளலாம் என்று வைத்தோம். பல இடங்களில் செய்கிறார்கள், நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. ஆனால் முதல் நாளே மற்ற பிள்ளைகள் “உனக்கு மட்டும் ஏன்?” என்று துளைத்தெடுத்தார்கள், மதியத்துக்குள் பாதிப் பேர் ரிப்பனை அவிழ்த்துவிட்டார்கள். மறைந்திருக்க நினைத்தவர்களை நாங்களே அடையாளம் காட்டிவிட்டோம்.

அதனால் தலைகீழாக மாற்றினோம். பட்டறை நடக்கும்போது கேமரா கிடையாது, என் போனும் பைக்குள். கடைசி நாள் அரை மணி நேரம், ஹாலுக்கு வெளியே ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிவைப்போம். படம் எடுத்துக்கொள்ள விருப்பம் உள்ளவர்கள் அங்கே வரலாம், வராதவர்களை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. எடுத்ததும் திரையைக் காட்டுவோம், பிடிக்கவில்லை என்றால் அவர்களே டெலிட்டை அமுக்கலாம். முதல் பிள்ளை அமுக்கிவிட்டு நம் முகத்தைப் பார்க்கும், கோபப்படுவோமா என்று. நாம் சாதாரணமாக இருந்தால் அடுத்த பத்துப் பேருக்கும் தைரியம் வந்துவிடுகிறது. இப்படி எடுத்ததிலும் எதை வெளியே அனுப்பலாம், எதை அவர்களிடமே கொடுத்துவிட வேண்டும் என்பது வேறு கேள்வி. இல்லத்துப் பிள்ளைகள் படம் என்றால் பிரிண்ட் அவர்கள் கைக்கு, வெளியே எதுவும் இல்லை.

முகத்தை மங்கலாக்கிவிட்டால் போதும் என்று சொல்பவர்களுக்கு ஒன்று. சீருடையில் பள்ளிப் பெயர் இருக்கும். பின்னால் ஊர்ப் பெயர்ப் பலகை இருக்கும். ஓவியத்தின் மூலையில் பெயரும் வகுப்பும் எழுதியிருக்கும். வீடியோவில் குரல் அப்படியே இருக்கும், அதைவிட, நாடகத்தில் அந்தப் பிள்ளை சொல்வது தன் வீட்டுக் கதையாகவே இருக்கலாம். போனில் லொகேஷன் ஆன் செய்திருந்தால் படத்துக்குள்ளேயே எடுத்த இடம் பதிவாகிவிடும். வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பினாலும் டிரைவில் ஏற்றினாலும் அதுவும் சேர்ந்தே போகக்கூடும். அப்புறம் அந்தக் கறுப்புப் பட்டை. கண்ணை மறைத்து ஒரு குழந்தையின் படத்தைப் போட்டால் குற்றவாளி மாதிரி இருக்கிறது, தயவுசெய்து செய்யாதீர்கள்.

பெரியவர்களிடமும் இதே கதைதான். விழுப்புரம் பக்கம் ஒரு கிராமத்தில் ஒப்பாரி பாடும் அம்மா ஒருவரைப் பதிவு செய்தோம், கேட்டுவிட்டுத்தான் செய்தோம். ஊர்ப் பாட்டாகத் தொடங்கியது, நடுவில் இறந்துபோன தன் மகன் பெயரைச் சொல்லி அழ ஆரம்பித்துவிட்டார். ரெக்கார்டர் ஓடிக்கொண்டே இருந்தது. முடிந்து தண்ணீர் குடித்துவிட்டு, “அதை யாருக்கும் போட்டுக் காட்டிடாதம்மா” என்றார். தொடங்கும்போது கொடுத்த சம்மதம் அந்த இடத்தில் முடிந்துவிட்டது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துகிறவருக்குத் தன் நிகழ்ச்சி மேல் 50 ஆண்டு உரிமை தருகிறது, மேடை ஏறுகிற பெரிய பாடகருக்கு இருப்பது திண்ணையில் பாடும் அந்த அம்மாவுக்கும் உண்டு. ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் விலக்கு இருக்கிறது, ஆனால் அந்தப் பேரைச் சொல்லி யூடியூபில் ஏற்றிவிட முடியாது.

நிதி தருகிறவர்கள் படம் கேட்பார்களே என்றால், ஆமாம், கேட்பார்கள். அதைத் திட்டம் எழுதும்போதே பேசிவிடுங்கள், கையெழுத்தான பிறகு பேசினால் எடுபடாது. முகமூடி செய்யும் கைகள், சுவரில் விழும் நிழல், எல்லாரும் போன பிறகு ஹாலில் சிதறிக் கிடக்கும் வண்ணத்தாள்கள், வருகைப் பதிவு எண்ணிக்கை. இவ்வளவும் கொடுக்கிறோம். ஒரே ஒரு நிறுவனம் மட்டும் போதாது என்றது, அந்த வருடம் அந்தப் பணம் இல்லாமல் நடத்தினோம்.

என்னிடம் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. யாரிடமும் ஒழுங்காகக் கேட்காமல் எடுத்தவை, ஆயிரக்கணக்கில். மொத்தமாக அழித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதற்குள் அந்த நாட்களில் எங்களோடு ஆடிய பெண் ஒருத்தி, இப்போது நர்சாக இருக்கிறாள், தற்செயலாகப் போன் செய்து, சின்ன வயதுப் படம் தன்னிடம் ஒன்றுகூட இல்லை, உங்களிடம் இருக்குமா அக்கா என்று கேட்டாள். இல்லத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆல்பம் ஏது? தேடி நான்கு படம் எடுத்தேன், பிரிண்ட் போட்டு அனுப்பினேன். என்னிடம் இருப்பதை அழித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

“மூணு இருக்கட்டும்க்கா. அந்த அழுவுற படத்த மட்டும் அழிச்சிருங்க” என்றாள்.

அழித்துவிட்டேன். மற்றவர்களை இப்போது ஒவ்வொருவராகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.