மரத்தில் ஏறிய மலைச் சிங்கத்துக்கு எந்தத் துப்பாக்கி?

அமெரிக்காவின் கொலராடோ, யூட்டா, ஐடஹோ மலைகளில் புதுப்பனி விழுந்த மறுநாள் காலையில்தான் மலைச் சிங்க வேட்டை சூடுபிடிக்கும். பனியில் தடம் தெரிந்ததும் மோப்ப நாய்களை அவிழ்த்து விடுவார்கள். பூமா, கூகர் என்றும் அழைக்கப்படும் இந்த விலங்கு பதுங்கிப் பாய்வதில் கெட்டி. நீண்ட ஓட்டம் அதற்கு ஒத்துவராது. நாய்கள் விரட்டினால் சீக்கிரமே களைத்து, அருகிலுள்ள மரத்தில் ஏறிவிடும். வேட்டைக்காரர் மூச்சிரைக்க வந்து சேரும்போது அது பத்து, இருபது மீட்டர் தொலைவில் ஒரு கிளையில் நிற்கும். எந்தத் துப்பாக்கி என்ற கேள்விக்கான விடையைப் பெரும்பாலும் இந்தக் குறுகிய தூரமே தீர்மானித்துவிடுகிறது.

பெயரில் சிங்கம் இருந்தாலும் உடம்பு அவ்வளவு பெரிதில்லை. ஆண் பெரும்பாலும் 50 முதல் 70 கிலோ, பெண் அதைவிடக் குறைவு. 1901-இல், துணை அதிபர் பதவி ஏற்பதற்குச் சில வாரங்கள் முன்பு, தியோடர் ரூஸ்வெல்ட் கொலராடோவில் சுட்ட ஓர் ஆண் 103 கிலோ இருந்தது, அது அபூர்வம். தோல் மெல்லியது, எலும்பு இலேசானது. முன்னூறு கிலோ எல்க் மானைச் சாய்க்கும் துப்பாக்கி இதற்குத் தேவையே இல்லை.

ஒரு குண்டின் இயக்க ஆற்றல், அதன் நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைப்பது. சாதாரண .22 (குழலின் விட்டம் சுமார் 0.22 அங்குலம்) துப்பாக்கியின் 2.6 கிராம் குண்டு, குழலை விட்டு வெளியேறும்போது சுமார் 180 ஜூல் ஆற்றலோடு போகிறது. 1895-இல் சந்தைக்கு வந்த 30-30 வின்செஸ்டர் தோட்டாவின் 9.7 கிராம் குண்டுக்குச் சுமார் 2,500 ஜூல். எல்க் போன்ற பெரிய விலங்குகளுக்கான .300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவுக்கு 4,700-ஐத் தாண்டும். ஆனால் இந்த எண்களை மட்டும் பார்த்துத் துப்பாக்கி வாங்கினால் தப்பாகிவிடும். விலங்கைக் கொல்வது குண்டு உள்ளே ஏற்படுத்தும் காயம். இரண்டு நுரையீரல்களும் கிழிந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று சரியும், மூளைக்கு ஆக்சிஜன் நின்று சில நொடிகளில் நினைவு போகும். அதற்கு ஈயமுனை வெளியே தெரியும் மென்முனைக் குண்டு வேண்டும். சதையில் பட்டதும் அந்த முனை காளான் போல விரிந்து, தன் விட்டத்தைவிட அகலமான பாதையை வெட்டிக்கொண்டு போகும். முழுக்க உலோக உறை போட்ட குண்டு விரியாமல் ஊடுருவி, சின்னத் துளையோடு மறுபக்கம் வந்துவிடும்.

இனி .300 மேக்னத்தின் சிக்கல். இவ்வளவு மெல்லிய உடம்பில் அதன் குண்டு ஆற்றலின் பெரும்பகுதியைத் தன்னோடே எடுத்துக்கொண்டு வெளியேறிவிடும். தோலையும் கிழித்துவிடும். அதைவிட முக்கியம், மரத்தில் இருப்பதை நோக்கி மேல்நோக்கிச் சுடுகிறோம். பின்னால் மண்மேடு கிடையாது. வெளியேறிய குண்டு இரண்டு, மூன்று கிலோமீட்டர்கூடப் போய் விழலாம்.

அப்படியானால் .22 போதுமா? பக்கத்தில்தானே இருக்கிறது, தலையில் ஒன்று வைத்தால் சரி என்பார்கள் சிலர். நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கிளைகளுக்கு நடுவே தலை அசைந்துகொண்டே இருக்கும். ஒரு விரல்கடை விலகினாலும் காயம்பட்ட பூமா உயிரோடு நாய்களின் நடுவே விழும். அதன் நகங்களுக்கு ஒரு நாயின் வயிற்றைக் கிழிக்க ஒரு நொடி போதும். விலங்குக்கும் அது வீண் வதை.

நடுத்தரமான 30-30 லீவர் கார்பைனைத்தான், அதாவது நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றும் குட்டை ரைஃபிளைத்தான், நான் முதலில் சொல்வேன். சுமார் மூன்று கிலோ எடை, குட்டைக் குழல். முழங்கால் பனியில் மேடேற இடைஞ்சல் இல்லை. .357 மேக்னம் கார்பைனும் நல்ல தேர்வு; பெயரில் மேக்னம் இருந்தாலும் இது கைத்துப்பாக்கித் தோட்டாதான். கைத்துப்பாக்கியில் இதே தோட்டா நொடிக்கு 375 மீட்டர் வேகத்தில் போகும். கார்பைனின் நீண்ட குழலில் வெடிமருந்து வாயு குண்டை அதிக நேரம் தள்ளுவதால் வேகம் 550 மீட்டரை நெருங்கும். ஆற்றல் இரட்டிப்புக்கும் மேல்.

பலரும் கவனிக்காத ஒன்று, குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப். அது குழலுக்கு நான்கு சென்டிமீட்டர் மேலே உட்கார்ந்திருக்கிறது. நூறு மீட்டருக்குச் சரிசெய்த துப்பாக்கியில், பதினைந்து மீட்டரில் குண்டு இன்னும் பார்வைக்கோட்டை எட்டியிருக்காது. குறிக்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கீழே படும். உருப்பெருக்கத்தை ஒன்பது மடங்கில் வைத்திருந்தால் ரோமம்தான் தெரியும், உடம்பின் எந்த இடம் என்று தெரியாது. இந்தத் தூரத்துக்குக் குழலின் மேலுள்ள வெறும் இரும்புக் குறியே நல்லது.

சுடுவதற்கு முன் பைனாகுலரை எடுக்க வேண்டும். ஆணுக்கு ஆசனவாய்க்குப் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் கீழே ஒரு கறுப்புப் புள்ளி தெரியும், பெண்ணுக்கு அது இல்லை. பெண் என்றால், எங்கோ குட்டிகளை விட்டுவிட்டு வந்த தாயாக இருக்கக்கூடும். கொலராடோவில் இதையெல்லாம் கற்றுத் தேர்வு எழுதித் தேறியவருக்குத்தான் அனுமதிச் சீட்டு. கலிஃபோர்னியா 1990-இலேயே மலைச் சிங்க வேட்டையைத் தடை செய்துவிட்டது. ஓரிகன் 1994-லும் வாஷிங்டன் மாநிலம் 1996-லும் வேட்டைக்காரர்கள் நாய்களைப் பயன்படுத்துவதைத் தடுத்தன. நாயில்லாமல், அடிபட்ட இரையின் குரல் எழுப்பி அழைத்துச் சுடுவோருக்குத் தூரம் நூறு மீட்டரைத் தாண்டலாம், அங்கே .243 போன்ற வேகமான, நேராகப் பறக்கும் தோட்டாவும் ஸ்கோப்பும் பொருந்தும்.

கடைசியாக ஈயம். வடக்கு அரிசோனாவிலும் தெற்கு யூட்டாவிலும் கலிஃபோர்னியா காண்டோர் என்னும் பிணந்தின்னிக் கழுகுகள் வாழ்கின்றன. வேட்டைக்காரர்கள் விட்டுச்செல்லும் குடல் முதலிய கழிவில் சிதறிக் கிடக்கும் ஈயத் துணுக்குகளைத் தின்று நஞ்சேறிச் சாவதுதான் அவற்றுக்குப் பெரிய ஆபத்து. செப்புக் குண்டு அப்படிச் சிதறாது, ஆனால் விரிவதற்குக் கூடுதல் வேகம் கேட்கும். ரைஃபிள்களுக்கான பல செப்புக் குண்டுகளுக்கு நொடிக்கு 600 மீட்டர் வாக்கில் இருந்தால் நல்லது. இருபது மீட்டரில் 30-30 குண்டு கிட்டத்தட்ட 700 மீட்டர் வேகத்தில் போகும். அதனால் இந்த வேட்டையில் ஈயத்தை விட்டுவிட எந்தத் தடையும் இல்லை.