கிரேடு ஆர்: பள்ளிக்கூடம் கேட்கக் கூடாததும் நீங்கள் கேட்க வேண்டியதும்

தென்னாப்பிரிக்காவில் கிரேடு ஆர், அதாவது ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வருஷம், இப்போது கட்டாயம். 2024 செப்டம்பரில் அதிபர் ரமபோசா கையெழுத்துப் போட்ட பேலா (அடிப்படைக் கல்விச் சட்டங்கள் திருத்த) சட்டம் அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. பிள்ளைக்கு ஆறு வயதாகிற ஆண்டின் முதல் பள்ளி நாளிலிருந்து அனுப்பியே ஆக வேண்டும், அனுப்பாவிட்டால் பெற்றோர் மேல் வழக்கு வரலாம். பின்னணி இது போதும், ஏனென்றால் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது சட்டத்தில் இல்லை, பள்ளி ஆபீஸ் கவுண்டரில்.

முதலில் வயது. ஜூன் 30க்குள் ஐந்து வயது நிறையும் பிள்ளையை அந்த ஆண்டே சேர்க்கலாம். ஜூலையில் பிறந்த பிள்ளை என்றால் அடுத்த ஆண்டுதான், இதில் வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

அடுத்தது "சும்மா ஒரு சின்ன டெஸ்ட்". இருபது வரை எண்ணச் சொல்வார்கள், பிள்ளை பதிமூன்றில் தடுமாறும், "இன்னும் ரெடியாகவில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று அனுப்பிவிடுவார்கள். அரசுப் பள்ளியில் சேர்க்கைக்காக எந்தத் தேர்வும் வைக்கக் கூடாது என்று தென்னாப்பிரிக்கப் பள்ளிச் சட்டத்தின் 5ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், கிரேடு ஆர் பாடத்திட்டப்படி வருஷக் கடைசியில் பிள்ளைக்கு வந்திருக்க வேண்டியதே பத்து வரைதான். சொல்லிக் கொடுக்க வேண்டியதைவிட இரண்டு மடங்கை வாசலிலேயே கேட்டால் பள்ளிக்கூடம் எதற்கு?

காகிதங்கள். பிறப்புச் சான்றிதழ் ஹோம் அஃபேர்ஸில் (உள்துறை ஆபீஸில்) மாதக்கணக்காகக் கிடக்கும், தடுப்பூசி போட்ட கிளினிக் கார்டு எங்கோ தொலைந்திருக்கும், ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு பெர்மிட் இன்னும் வந்திருக்காது. இவற்றைக் காட்டிப் பிள்ளையை வெளியே நிறுத்த முடியாது. 2019 டிசம்பரில் மக்காண்டா உயர் நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்துவிட்டது: சான்றிதழ் இல்லாவிட்டால் பிள்ளை யார் என்று சொல்லும் அஃபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்) போதும். அது போலீஸ் ஸ்டேஷனில் இலவசம், காசு கேட்கும் புரோக்கரிடம் போகாதீர்கள். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அவுட்பில்டிங்கில் வாடகைக்கு இருந்து, முகவரிக்குக் காட்ட லைட் பில் உங்கள் பேரில் இல்லாவிட்டால், வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போய் அவரிடமும் ஒரு அஃபிடவிட் வாங்கிவிடுங்கள். அவர் நாளைக்கு என்பார், விடாதீர்கள்.

பணத்தில்தான் அதிகம் ஏமாறுகிறோம். "ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கட்டினால்தான் ஃபாரம் எடுப்போம்" என்றால் அது சட்டவிரோதம், அரசுப் பள்ளி பள்ளிக் கட்டணத்தைத் தவிர வேறு கட்டணம் வாங்கக் கூடாது. அந்தக் கட்டணத்தையும் கட்ட முடியவில்லை என்பதற்காகச் சேர்க்க மறுக்கக் கூடாது. விலக்கு கேட்டு விண்ணப்பம் கொடுங்கள். பிள்ளைக்கு சாஸா (அரசின் சமூக உதவித்தொகை அமைப்பு) உதவித்தொகை வாங்குபவர்களுக்கு விலக்கு தானாகவே உண்டு, ஆனால் நீங்கள் கேட்காமல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். விலக்கை மறுத்தால் 30 நாளுக்குள் மாகாணக் கல்வித் துறைக்கு மேல்முறையீடு போகலாம். கெடு தெரியாமல் நாளைக் கடத்திவிட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் எந்த மறுப்பையும் வாய்மொழியாக ஏற்காதீர்கள், தேதி போட்டு எழுத்தில் வாங்குங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். தனியார் பள்ளிக்கு இந்த விலக்கு கிடையாது. வாசலில் "கிரேடு ஆர்" என்று போர்டு மாட்டியிருக்கும் கிரெஷ் (குழந்தைக் காப்பகம்) எல்லாம் பதிவான பள்ளி இல்லை, பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிவிட்டுப் பணத்தை எடுங்கள்.

சரி, இடம் கிடைத்துவிட்டது. உள்ளே என்ன நடக்க வேண்டும் என்பதும் உங்கள் உரிமைதான், இதை யாரும் சொல்வதில்லை. பாடத்திட்டப்படி வாரத்துக்கு 23 மணி நேரத்தில் கணக்குக்கு 7 மணி. அது நோட்டில் எழுதுகிற கணக்கு இல்லை, பாயில் உட்கார்ந்து கையால் தொட்டு வாயால் பேசுகிற கணக்கு. டீச்சர் ஏழு பாட்டில் மூடிகளை வரிசையாக வைக்கிறார், பிள்ளை எண்ணி ஏழு என்கிறது. அவற்றையே கொஞ்சம் பரப்பிவிட்டு "இப்போ எத்தனை?" என்கிறார். "நிறைய ஆயிடுச்சு" என்கிறது ஒன்று, "இல்லை, அதேதான்" என்கிறது இன்னொன்று. "எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு டீச்சர் வாயை மூடிக்கொள்கிறார், இரண்டும் மூடிகளை நகர்த்தி நகர்த்தி அடித்துக்கொள்கின்றன. பாடம் அங்கேதான் நடக்கிறது. ஒன்றிலிருந்து நூறு வரை பாட்டாகப் பாடும் பிள்ளை இந்த இடத்தில் திணறுவதை நிறையப் பார்க்கலாம்.

கையில் வருவதோ கலர் அடித்த ஒர்க்ஷீட் கட்டு. பெற்றோருக்கும் அது பிடிக்கிறது, கட்டின காசுக்குக் கணக்குக் காட்டுகிற மாதிரி இருக்கிறது. உட்கார வைத்துப் பரீட்சை எழுத வைப்பது கிரேடு ஆரில் கூடாது, விளையாட்டிலும் பேச்சிலும் கவனித்துத்தான் மதிப்பிட வேண்டும். "கணக்கில் வீக், டியூஷன் வையுங்கள்" என்று மார்க்கோடு ஒரு தாள் வந்தால் எதைக் கவனித்து இதைச் சொன்னீர்கள் என்று கேளுங்கள். டீச்சரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், ஒரே ஆள் அத்தனை பிள்ளைகளையும் மேய்க்கிறார். பெற்றோர் கூட்டத்தில் பிரின்சிபாலிடம் கேளுங்கள்: எண்ணுவதற்கு வகுப்பில் என்ன பொருள் வைத்திருக்கிறீர்கள், சின்னக் குழுவாக உட்கார்த்திப் பேசுவது எந்த நேரம்?

பதில் மழுப்பலாக வந்தால் கல்வித் துறையின் மாவட்ட ஆபீஸுக்கு எழுதுங்கள். அங்கே கடிதம் காணாமல் போவது சகஜம், அதனால் இரண்டு பிரதி எடுத்துப் போய் உங்கள் பிரதியில் முத்திரை குத்தி வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.