சைங் மேளத்துச் சோறும் மிருதங்கத்து ரவையும்

புத்தக் கோபுரத் (பகோடா) திருவிழாவில் பர்மிய சைங் மேளம் வாசிப்பவர் மேளத்தின் நடுவில் எதையோ பிசைந்து அப்புகிறாரே, நம் மிருதங்கத்தில் வைக்கும் ரவைதானா அது என்று யாங்கோன் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பொருள் வேறு, வேலை ஒன்றுதான்.

சைங் வைங் என்பது பர்மியரின் மரபு இசைக்குழு; அதன் தலைமை வாத்தியம் பட் வைங். பொன்பூச்சு மின்னும் வட்ட மரச்சட்டத்தின் உட்புறம் 21 மேளங்கள் தொங்கும். நடுவில் உட்கார்ந்து ஒரே ஆள் வாசிப்பார். மேளத்துக்கு ஒரு சுரம் என்பதால் முழுப் பாட்டையும் மேளத்திலேயே வாசித்துவிடலாம். வாரை இழுத்துக் கட்டினால் சுரம் கிட்டத்தட்ட வரும். துல்லியமாக நிற்க வைப்பது மேல்தோலில் அப்பும் கலவை: குழைய வெந்த சோறும் விறகுச் சாம்பலும்.

சோற்றைப் பருக்கை தெரியாமல் மசிக்க வேண்டும். சாம்பலை மெல்லிய துணியில் சலித்து, கலவை விரலில் ஒட்டாத பதம் வரும்வரை சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். கரித்துண்டு கிடந்தால் தோலோடு உரசி இரையும். ஈரம் மிகுந்தால் தோல் நீரை உறிஞ்சித் தளரும், சுருதி வழுக்கிக்கொண்டே போகும். ஈரம் போதாவிட்டால் வெடித்து, வாசிக்கும்போதே உதிரும். மையம் விலகி அப்பினால் நெருக்கமான இரண்டு சுரங்கள் ஒன்றாகக் கேட்டு, ஒலி அலை அலையாக நடுங்கும். புதிதாகப் பழகுபவர்கள் கலவையைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குறை அப்பிய இடத்தில்தான் இருக்கும்.

நிறை கூடினால் அதிர்வு மெதுவாகும் என்பது பள்ளிப் பாடம். ஒரு அரைச்சுரம் இறங்க அதிர்வெண் ஏறக்குறைய 6 சதவீதம் குறைய வேண்டும். அதற்கு அதிரும் நிறை 12 சதவீதம் கூடினால் போதும். அதனால்தான் சிறிய மேளத்தில் ஒரு சிட்டிகை கிள்ளி எடுத்தாலே காது கண்டுபிடித்துவிடுகிறது.

ஆனால் சுருதி இறங்குவது பாதி விஷயம்தான். அதே கலவை ஒலியின் குணத்தையே மாற்றுகிறது; எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒன்றும் பூசாத வட்டத் தோலைத் தட்டினால் அடிப்படை ஒலியோடு அதன் 1.59, 2.14, 2.30 மடங்கு ஒலிகளும் எழும். ஒன்றோடொன்று சேராத எண்கள். அதனால் 'தொம்' என்று கேட்கும், சுரம் கேட்காது. இப்போது நடுவில் தக்க அளவு பாரத்தை வையுங்கள். அடிப்படை அதிர்வில் தோலின் நடுப்பகுதிதான் அதிகமாக ஏறி இறங்குகிறது. பாரம் முழுவதையும் அது சுமக்க வேண்டியிருப்பதால் நன்றாக இறங்கிவிடும். அடுத்த அதிர்வில் தோலின் ஒரு பாதி ஏற, மறுபாதி இறங்கும். ஏற்றப்பலகையின் நடுவில் உட்கார்ந்த குழந்தை மாதிரி, மையத்திலுள்ள பாரம் அசைவதே இல்லை. ஆக, அந்த ஒலி அதிகம் இறங்காது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி விரிந்து 1.59 என்பது 2 ஆகிறது. நேர் இரட்டிப்பு, அதாவது மேல் ஸட்ஜம். மற்றவையும் 3, 4, 5 என்று வரிசைக்கு வந்துவிடுகின்றன.

நம் மிருதங்கம் போன்ற இந்திய மேளங்களில் இதை உலகுக்குக் காட்டியவர் சி. வி. ராமன். 1909-ல் இதே யாங்கோனில் (அன்றைய ரங்கூன்) நிதித்துறை அதிகாரியாக இருந்தவர். 1920-ல் 'நேச்சர்' இதழில் சிவகாளி குமாருடன் சேர்ந்து முதல் குறிப்பை வெளியிட்டார். 1934-ல் விரிவாக எழுதினார். தோல்மேல் மணலைத் தூவி, அது அசையாமல் நிற்கும் கோடுகளை வைத்து, ஒன்பது அதிர்வு வகைகள் ஐந்தே சுரங்களில் அடங்குவதைக் கண்டார்.

மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் இந்தப் பாரம் நிரந்தரம். கிட்டக்கல் என்ற கரிய கல்லின் பொடியும் சோறும் பிசைந்து, படலம் படலமாகப் பூசி, ஒவ்வொன்றையும் கல்லால் தேய்த்துக் காயவிட்டுக் கரணை என்ற கரும்பூச்சைப் போடுகிறார்கள். இடப்பக்கமான தொப்பியில் மட்டும் கச்சேரிக்கு முன் ரவை வைத்து, முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். ஒரே மேளம் ஒரே சுருதியில் நின்று பல சொற்களைப் பேச வேண்டும் என்பது நம் தேவை. பல மேளங்கள் ஆளுக்கொரு சுரம் பேச வேண்டும் என்பது பர்மியர் தேவை. அதனால் அவர்களுடைய பூச்சு எப்போதும் தற்காலிகம், பாட்டுக்கேற்ப மாற்றத் தக்கது.

நாட்டிய சாஸ்திரம் ஆற்றங்கரை மண்ணைப் பூசச் சொல்கிறது. தாய்லாந்தின் தபோன் மேளத்திலும் சோறும் சாம்பலும் உண்டு. ஜப்பானின் சிறிய ட்சுஸுமி மேளத்தின் பின்தோலில் எச்சில் தொட்ட காகிதத் துணுக்கை ஒட்டுகிறார்கள். ஜாவாவின் கெண்டாங் மேளத்தில் பூச்சே இல்லை. வணிகமும் கோயிலும் அரண்மனையும் வாத்தியங்களை ஊர் ஊராகக் கொண்டுபோயின. பண்டைய பர்மாவின் பியூ நாட்டுக் கலைஞர்கள் 35 பேர் 802-ல் சீனத் தலைநகர் வரை போய் வாசித்திருக்கிறார்கள். போன ஊரின் இசைக்கு எது தேவையோ அதுவே நிலைத்தது என்பது என் கருத்து.

மழைக்காலத்தில் சுருதி இறங்கினால் நாட் என்ற பர்மியத் தெய்வ ஆவிகளின் கோபம் என்றோ கண்ணேறு என்றோ பயப்பட வேண்டாம். தோல் ஈரம் குடித்திருக்கிறது, அவ்வளவுதான். வாத்தியத்தை வணங்குவது வேறு, இது வேறு. யாங்கோனின் கலை பண்பாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒலியியலுக்கு ஒரு சிறு ஆய்வகம் அமைத்து, மூத்த கலைஞர்களின் கலவைகளை எடை போட்டுப் பதிய வேண்டும். பெரிய கோபுரங்களுக்குக் கொடுக்கும் நன்கொடையில் ஒரு துளி போதும்.

வீட்டிலேயே பார்க்கலாம். ஏதாவதொரு மேளத்தின் நடுவில் கட்டைவிரல் நுனியளவு பிசைந்த மாவை அப்பித் தட்டுங்கள். கைபேசியில் அதிர்வெண் காட்டும் செயலி இருந்தால் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அதே மாவை விளிம்புக்கு நகர்த்தித் தட்டினால் அடிப்படைச் சுருதி ஏறக்குறைய பழைய இடத்துக்கே திரும்பிவிடும், ஏனென்றால் விளிம்பில் தோல் அசைவதில்லை.