எம்.ஆர்.ஐ. இருக்கிறது, எக்ஸ்ரே எங்கே?

தோள்வலி என்று வருகிறவர்களில் பலர் இப்போது எம்.ஆர்.ஐ. உறையோடுதான் உள்ளே வருகிறார்கள். அண்மையில் வந்த ஓர் அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். உடன் வந்த மகன் ஃபிலிமை மேசையில் விரித்தார்.

"ஜவ்வு முழுசா கிழிஞ்சிருக்குன்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கு டாக்டர். மூட்டை மாத்தணுமா?"

"எக்ஸ்ரே எங்கே தம்பி?"

"அதைவிடப் பெரிய ஸ்கேன்தானே இது? அதான் நேரா இதையே எடுத்துட்டோம்."

இந்தப் 'பெரிய, சின்ன' கணக்கில்தான் சிக்கல். எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. மூன்றும் ஆளுக்கொரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். மூட்டு தேய்ந்திருக்கிறதா என்று கேட்டால் முதலில் பேச வேண்டியது எக்ஸ்ரே. குருத்தெலும்பு அதில் தெரியாதுதான். ஆனால் அது தேயத் தேய, இரண்டு எலும்புகளுக்கு நடுவே கறுப்பாகத் தெரியும் இடைவெளி குறுகிக்கொண்டே வரும். நாங்கள் பார்ப்பது அந்த இடைவெளியைத்தான். தோளுக்கு ஒரே கோணத்தில் எடுத்த படமும் போதாது. அக்குள் பக்கமாக இன்னொன்று வேண்டும். கையெலும்பின் உருண்டைத் தலையைப் பந்து என்போம், அது உட்காரும் குழியைக் கிண்ணம் என்போம். பந்து பின்பக்கம் நழுவியிருந்தால் நேர்ப்படத்தில் எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றிவிடும்.

கிழிசல் விஷயத்துக்கு வருவோம். தோளில் ஜவ்வு என்பது பந்தைக் கிண்ணத்தோடு பிடித்துவைக்கும் தசைநாண்கள். தோள்வலியே இல்லாத 96 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1995-இல் வெளியானது. அதில் 60 வயதைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்கு மேல் முழுசாகவோ பாதியாகவோ கிழிசல் இருந்தது. முடி நரைப்பது மாதிரி இதுவும் வயதோடு வருவதுதான். அந்த அம்மாவைக் கையைத் தூக்கச் சொன்னேன். தலைக்கு மேலே போனது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் இடைவெளி நன்றாகவே இருந்தது. பயிற்சி எழுதிக் கொடுத்து அனுப்பினேன். மகன் முகம்தான் கொஞ்சம் வாடிவிட்டது, இவ்வளவு செலவு செய்து எடுத்தோமே என்று நினைத்திருப்பார். (கீழே விழுந்து, அன்றிலிருந்து கையைத் தூக்கவே முடியவில்லை என்றால் கதை வேறு. அப்போது ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது.)

அப்படியானால் தோள்மூட்டை யாருக்குத்தான் மாற்றுகிறோம்? மூட்டு தேய்ந்து, தூக்கம் கெட்டு, மற்ற சிகிச்சைகள் கைகொடுக்காதவர்களுக்கு. ஜவ்வு நன்றாக இருந்தால் பந்தின் இடத்தில் பந்து, கிண்ணத்தின் இடத்தில் கிண்ணம் வைக்கலாம். ஜவ்வு போய்ப் பல வருடங்களாகிவிட்டால், பிடித்துவைக்க ஆளில்லாமல் பந்து மேலே ஏறி, மேலெலும்பில் உரச ஆரம்பித்துவிடும். இதற்காக 1985-இல் பிரான்சின் பால் கிராமோன் ஒரு வேலை செய்தார். பந்தைக் கிண்ணம் இருந்த இடத்திலும், கிண்ணத்தைக் கையெலும்பின் தலையிலுமாக இடம் மாற்றிவிட்டார். அதனால் சுழலும் மையம் உள்ளேயும் கீழேயும் நகர்கிறது. கிழிந்த ஜவ்வின் வேலையைத் தோளின் வெளிப்பக்கத்துப் பெரிய தசையே செய்துவிடுகிறது. அந்தத் தசைக்குப் போகும் நரம்பு செத்திருந்தால் இந்த மூட்டு வீண். அதற்கு முதல் சோதனை தசைமேல் விரலை வைத்துப் பார்ப்பதுதான்.

சி.டி. ஸ்கேன் வருவது இதற்கு அப்புறம். தோளின் கிண்ணம் சின்னது, ஆழமில்லாதது, அதிலும் ஒரு பக்கமாக அரைபட்டிருக்கும். திருகு எங்கே பிடிக்கும், எந்தச் சாய்வில் வைப்பது என்பதை முப்பரிமாணப் படத்தில் முன்கூட்டியே பார்த்துவிடுகிறோம். பாரிசில் பியான் என்ற மருத்துவர் காசநோயில் அழிந்த ஒரு தோளுக்குப் பிளாட்டினமும் ரப்பரும் கொண்டு மூட்டு பொருத்தியது 1893-இல். எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ரான்ட்ஜன் தன் மனைவியின் கையை எக்ஸ்ரே எடுத்ததோ 1895 டிசம்பரில். எந்தப் படமும் இல்லாமல் பியான் எப்படித் துணிந்தார் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. கிருமி சேர்ந்து, சுமார் இரண்டு வருடத்தில் அதைக் கழற்ற வேண்டி வந்தது.

முழங்கை மூட்டை மாற்றுவதில் நான் கஞ்சன். முடக்குவாதத்தில் அழிந்த மூட்டுக்கும், வயதானவர்களுக்கு ஒட்டவைக்க முடியாதபடி நொறுங்கிய எலும்புக்கும் மாற்று மூட்டு நல்ல வழி. ஆனால் அதன்பின் ஆயுள் முழுக்க ஒரே தடவையில் நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, திரும்பத் திரும்பத் தூக்குவதென்றால் ஒரு கிலோதான் என்று சொல்வது வழக்கம். மீறினால் மூட்டு தளர்ந்துவிடும். முப்பது வயதில் உடலுழைப்பு செய்கிறவரிடம் இதை எப்படிச் சொல்வது?

கட்டைவிரலின் அடிமூட்டு இன்னொரு ரகம். விரல் நுனியில் 1 கிலோ அழுத்திக் கிள்ளினால் அடிமூட்டில் ஏறுவது ஏறக்குறைய 12 கிலோ. எக்ஸ்ரேயில் மூட்டே இல்லாதது போல் இருக்கும், ஆனால் அந்த நபர் வலியில்லாமல் எழுதிக்கொண்டிருப்பார். அறுவை சிகிச்சை தேவைப்பட்டாலும் பல நேரங்களில் செயற்கை மூட்டு எதுவும் வைப்பதில்லை. தேய்ந்த சிறு எலும்பை எடுத்துவிட்டாலே வலி அடங்கிவிடுகிறது.

மூட்டு மாற்றிய பிறகும் படங்கள் தொடரும். இப்போதைய மூட்டுகள் பெரும்பாலானவற்றோடு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், ஆனால் உலோகம் இருப்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். மூட்டைச் சுற்றிப் படம் கலங்கித்தான் தெரியும். ஆகவே ஆண்டுகள் கழித்தும் கைகொடுப்பது அதே சாதாரண எக்ஸ்ரேதான். உலோகத் தண்டைச் சுற்றி மெல்லிய கறுப்புக்கோடு விழுந்திருக்கிறதா என்று தேடுவோம். தளர்ச்சியோ, காய்ச்சல்கூட இல்லாமல் மெதுவாக வளரும் கிருமியோ அப்படித்தான் தலைகாட்டும். அறுவை சிகிச்சை முடிந்ததும் எடுத்த முதல் எக்ஸ்ரேயைப் பலர் தொலைத்துவிட்டு வருகிறார்கள். அது இல்லாவிட்டால், அந்தக் கோடு இப்போது வந்ததா, முதல் நாளே இருந்ததா என்று என்னால் சொல்ல முடிவதில்லை.