உமி கிழியக் கூடாது, உள்ளே நொறுங்க வேண்டும்

அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு 1978-இல் சட்டம் வழிவிட்டது. அங்கே மால்ட் பாகை வாங்கிக் கரைத்துக் காய்ச்சுகிறவர்களுக்கு அரவை இயந்திரம் வேண்டியதில்லை. முளைகட்டி உலர்த்திய பார்லியை, அதாவது மால்ட்டை, மூட்டையாக வாங்குகிறவர்களுக்குத்தான் எந்த மில் வாங்குவது என்ற கேள்வி வருகிறது. நன்றாக அரைப்பதே நல்ல மில் என்று நினைத்தால் தேர்வு தவறிவிடும். பீருக்குத் தானியத்தை அரைக்கக் கூடாது, உடைக்க வேண்டும்.

உடைத்த மால்ட்டைச் சுமார் 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைப்பார்கள். முளைவிடும்போது தானியத்துக்குள் தயாரான அமைலேஸ் நொதிகள் அந்தச் சூட்டில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். உடையாத மணிக்குள் அந்த நேரத்தில் தண்ணீர் சரியாக இறங்காது, உள்ளிருக்கும் மாவுச்சத்து வீணாகும். அப்படியானால் மிக்ஸியில் போட்டுப் பொடித்துவிடலாமே? சர்க்கரை நிறையவே கிடைக்கும். ஆனால் அதை வடித்து எடுக்க முடியாது.

வடிகட்டும் வேலையைச் செய்வது உமி. பாத்திரத்தின் துளைத்தட்டின் மேல் முழு உமிகள் படுக்கையாகப் படிந்து, இடையில் நீர் செல்ல வழி விடுகின்றன. உமி தூளாகி மாவும் மிகுந்தால் அந்தப் படுக்கை களிபோல் இறுகி, திரவம் சொட்டக்கூட மறுக்கும். உமித்தூளுக்கு இன்னொரு குணமும் உண்டு. மிச்சச் சர்க்கரையை எடுக்கத் தானியத்தை அலசும் நீர் 77 டிகிரிக்கு மேல் சூடாகி, காரத்தன்மைப் பக்கமும் சாய்ந்தால், அதிலிருந்து டானின் இறங்கிப் பீர் துவர்க்கும்.

ஸ்காட்லாந்து விஸ்கி ஆலைகளிலும் இதே கணக்குதான். உமி 20, குருணை 70, மாவு 10 சதவீதம் என்பது அங்கே வழக்கமாகச் சொல்லும் விகிதம். சல்லடைப் பெட்டியில் குலுக்கிப் பார்த்து மில்லைத் திருகுவார்கள்.

வீட்டு மில்களில் மலிவானது தட்டு மில். லத்தீன் அமெரிக்காவில் மக்காச்சோளம் அரைக்கும் கொரோனா மில் இந்த வகை. இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே தானியம் தேய்ந்து உடைவதால் உமியும் கிழியும். உருளை மில் தேய்க்காது, அழுத்தும். இரண்டு உருளைகளுக்கு நடுவே சுமார் 1 மில்லிமீட்டர் இடைவெளி. இரண்டரை மில்லிமீட்டர் தடித்த மணி அதில் நசுங்கும்போது உள்ளே குருணையாக உடைய, உமி பெரும்பாலும் முழுதாகவே விழுகிறது.

விலைப்பட்டியலில் நான் முதலில் பார்ப்பது உருளையின் விட்டத்தை. 38 மில்லிமீட்டர் உருளை அந்த மணியைச் சுமார் 16 டிகிரி கோணத்தில் தொடுகிறது. ஆலையில் உள்ள 250 மில்லிமீட்டர் உருளையோ 6 டிகிரியில். கோணம் கூடக் கூட மணியை உள்ளே இழுக்க அதிக உராய்வு வேண்டும், இல்லாவிட்டால் மணி உருளையின் மேலேயே வழுக்கி ஆடிக்கொண்டிருக்கும். சிறு உருளைகளின் மேல் நர்லிங் போட்டுச் சொரசொரப்பாக்குவது இதற்காகத்தான். 50 மில்லிமீட்டர் உருளைக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம் என்பேன். மூன்றாவது உருளை வசதிதான், ஆனால் கட்டாயமில்லை.

இடைவெளியை மாற்ற முடியாத மில்லை வாங்கவே வேண்டாம். கோதுமை மால்ட்டுக்கு உமி கிடையாது, மணியும் இறுக்கமானது. கோதுமைக்கு உறவான ரை தானியம் இன்னும் ஒல்லி. இவற்றுக்கு இடைவெளியைக் குறைக்க வேண்டும், பார்லியோடு கலந்து ஓட்டக் கூடாது. இடைவெளி அளக்கும் மெல்லிய உலோகத் தகடுகளான ஃபீலர் கேஜால் உருளையின் இரு முனைகளிலும் அளக்க வேண்டும். பலர் வங்கி அட்டையைச் செருகிப் பார்க்கிறார்கள்; அதன் தடிமன் 0.76 மில்லிமீட்டர், துளைத்தட்டில் வடிப்பவருக்கு அது நெருக்கம்.

துணிப்பையில் தானியத்தைப் போட்டு ஊறவைத்துத் தூக்கிவிடும் முறை ஆஸ்திரேலிய வீட்டுக் காய்ச்சல்காரர்களிடமிருந்து பரவியது. அங்கே வடிகட்டுவது துணி, எனவே நைசாக உடைத்தாலும் பெரிய பாதகமில்லை. அப்படிக் காய்ச்சுகிறவருக்குத் தட்டு மில்லே போதும். உருளை மில்லைத்தான் வாங்குவது என்று முடிவு செய்தவர், உடைக்குமுன் மால்ட்டின் எடையில் 2 சதவீதம் தண்ணீர் தெளித்துக் கிளறிச் சில நிமிடம் விடலாம். உமி தோல்போல் துவண்டு, உருளைக்கு நடுவே கிழியாமல் வரும். கொஞ்சம் கூடினாலும் மாவு உருளையில் ஒட்டிக்கொள்ளும். டிரில்லில் மாட்டி ஓட்டுகிறவர்கள் நிமிடத்துக்கு 200 சுற்றைத் தாண்டாமல் இருப்பது நல்லது. வேகம் ஏறினால் இந்த உமியும் நொறுங்கும்.